மனம் புண்படுவதும் தீங்கு நேர்வதும்: பேச்சுரிமையின் கோடு எங்கே இருக்கிறது?

சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தச் சண்டை வந்துவிடும். யாராவது ஏதாவது பேசிவிடுவார், அல்லது அவர் என்றோ பேசியதை இன்னொருவர் தோண்டி எடுத்துப் போட்டுவிடுவார். உடனே ஒரு பக்கம் "எங்கள் மனம் புண்பட்டுவிட்டது, கைது செய்" என்று கிளம்பும். இன்னொரு பக்கம் "கருத்துச் சுதந்திரம் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் பேசலாம்" என்று வரிந்துகட்டும். அடுத்த முறை பேசியவர் எதிர்முகாம் ஆள் என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சமும் கூசாமல் வசனத்தை மாற்றிக்கொள்ளும்.

உண்மையில் இரண்டு வசனமுமே தப்பு. எதை வேண்டுமானாலும் பேசும் உரிமை இந்தியாவில் யாருக்கும் இல்லை. மனம் புண்படாமலே வாழும் உரிமையும் யாருக்கும் இல்லை. நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அது எப்படிப் போடப்படுகிறது என்பதைச் சட்டம் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி இங்கே சொல்லிப் பார்க்கிறேன். பெரும்பாலும் இந்தியச் சட்டம், நம் ஊர் வழக்குகள். பிரிவு எண்களை முடிந்தவரை தவிர்த்திருக்கிறேன்.

## கருவாடும் கழிவுநீரும்

பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அந்த வாடை ஆகாது. குமட்டுகிறது, எரிச்சலாக வருகிறது, சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. இது பொய்யான கஷ்டம் இல்லை, நிஜமாகவே கஷ்டப்படுகிறீர்கள். இப்போது அதே வீட்டுக்காரர் தன் கழிவுநீர்க் குழாயைச் சத்தமில்லாமல் உங்கள் கிணற்றுப் பக்கம் திருப்பிவிடுகிறார். உங்களுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை, கோபமும் வரவில்லை, ஏனென்றால் விஷயமே தெரியாது. பத்து நாள் கழித்து உங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு.

முதலாவது புண்படுத்தல்: ஒருவருக்குப் பிடிக்காத உணர்வை உண்டாக்குவது. இரண்டாவது தீங்கு: ஒருவருடைய உயிர், உடல், உடைமை, நற்பெயர், ஊரில் மற்றவர்களைப் போல வாழும் நிலை இவற்றில் ஒன்றைக் கெடுப்பது. பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். புண்படுத்தல் முற்றினால் தீங்கு, நூறு டிகிரி கோபம் வந்துவிட்டால் அது குற்றம் என்று ஏதோ காய்ச்சல் அளப்பது போல நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மேலே பாருங்கள், கருவாட்டில் உங்களுக்கு வந்த எரிச்சலில் பாதிகூடக் கழிவுநீரில் வரவில்லை. இரண்டும் வேறு வேறு சாதி விஷயங்கள். ஒன்று கூடிக்கூடி இன்னொன்றாக மாறுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. தெருவில் நாற்பது வீடு, முப்பத்தொன்பது வீட்டுக்குக் கருவாடு ஆகாது என்றாலும் கருவாடு கழிவுநீர் ஆகிவிடாது. சொல்லப்போனால் அப்படிப்பட்ட தெருவில்தான் அந்த ஒரு வீட்டுக்கு உரிமை என்ற ஒன்று தேவைப்படுகிறது. எல்லோருக்கும் பிடித்த சமையலைப் பாதுகாக்கச் சட்டம் எதற்கு?

இந்த ஒப்புமை இதற்கு மேல் போகாது. வாடைக்கு இல்லாத ஒரு சக்தி பேச்சுக்கு உண்டு: அது இன்னொருவரின் கையை அசைக்கும்.

## மூன்றாவது ஆள்

எந்தப் பேச்சிலும் மூன்று பேர் இருக்கிறார்கள். பேசுகிறவர், பேச்சுக்கு ஆளாகிறவர், கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆள். புண்படுத்தல் முதலாமவரிடமிருந்து இரண்டாமவருக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. தீங்கு பெரும்பாலும் மூன்றாவது ஆள் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஆகவே ஒரு பேச்சை எடைபோடும்போது "எவ்வளவு வலித்தது" என்று கேட்பதைவிட "எந்த வழியாக வந்தது" என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான், மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1859-ல் இதற்கு ஒரு உதாரணம் சொன்னார். "தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறவர்கள்" என்று பத்திரிகையில் எழுதினால் அது கருத்து, யாரும் தொடக்கூடாது. அதே வாக்கியத்தை ஒரு தானிய வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்துப் போய் நிற்கும் கூட்டத்தின் முன்னால் சொன்னால் தண்டிக்கலாம். வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கேட்கிறவர்கள் யார், எங்கே நிற்கிறார்கள், யோசிக்க அவகாசம் இருக்கிறதா என்பவைதான் மாறியிருக்கின்றன. பத்திரிகையைப் படிக்கிறவர் காபி குடித்துக்கொண்டே "இவன் உளறுகிறான்" என்று பக்கத்தைப் புரட்டலாம். வாசலில் நிற்கிறவன் கையில் ஏற்கெனவே கல் இருக்கிறது.

கேட்பவரை உடனடியாக ஒரு குற்றச் செயலில் இறக்கிவிடும் பேச்சுக்குத் தூண்டுதல் என்று பெயர். நம் உச்ச நீதிமன்றம் 2015-ல் இதை மூன்று படியாகப் பிரித்துச் சொன்னது: ஒன்றை விவாதிப்பது, ஒன்றை ஆதரித்து வாதாடுவது, ஒன்றைச் செய்யத் தூண்டுவது. முதல் இரண்டும், எவ்வளவு கசப்பான கருத்தாக இருந்தாலும், பேச்சுரிமைக்குள் வரும். மூன்றாவது படியில் கால் வைக்கும்போதுதான் அரசு தலையிட முடியும்.

தூண்டுதல் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ருவாண்டாவைவிடக் கொடிய சாட்சி இல்லை. 1993-ல் அங்கே ஆர்டிஎல்எம் என்ற தனியார் வானொலி தொடங்கப்பட்டது. பாட்டு, ஜோக், அரட்டை என்று இளைஞர்கள் விரும்பிக் கேட்ட நிலையம். அதற்கு நடுவில் அந்நாட்டின் சிறுபான்மை இனமான துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிச் சொல்லிக் காதுக்குப் பழக்கினார்கள். 1994 ஏப்ரலில் இனப்படுகொலை ஆரம்பித்ததும் அதே வானொலி ஆட்களின் பெயரைச் சொன்னது, எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று சொன்னது. "கரப்பான்பூச்சி" என்று கேட்டபோது ஒரு துட்சிக்கு மனம் வலித்திருக்கும், அது உண்மை. ஆனால் பேசியவர்களைச் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது அந்த வலிக்காக இல்லை, வானொலியைக் கேட்டுவிட்டுக் கத்தியோடு கிளம்பியவர்களுக்காக.

மூன்றாவது ஆள் வழியாகத் தீங்கு வரும் இன்னொரு பாதை அவதூறு. உங்களைப் பற்றிப் பொய்யாக ஒன்றைச் சொல்லி மற்றவர்கள் உங்கள் மேல் வைத்திருக்கும் மதிப்பைக் கெடுப்பது. உங்கள் முகத்துக்கு நேராகத் தனியாக "நீ திருடன்" என்றால் அது திட்டு; உங்கள் முதலாளியிடம் போய் "அவன் திருடன்" என்றால் வேலை போய்விடும். மூன்றாவது ஆள் காதில் விழாமல் அவதூறு இல்லை. இந்தியாவில் இது நஷ்டஈட்டு வழக்காகவும் போடலாம், இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாகவும் போடலாம். குற்ற வழக்கில் இன்னொரு சிக்கல், சொன்னது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். 2016-ல் உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயர் கெட்டதற்கு நஷ்டஈடு கேட்பது நியாயம், ஜெயில் கேட்பது அதிகம். நம் அரசியல்வாதிகள் பத்திரிகைகள் மேல் போட்டுத் தள்ளியிருக்கும் அவதூறு வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சரி, இதுவரை பார்த்தது: புண்படுத்தல் நேராக வருகிறது, தீங்கு மூன்றாவது ஆளைச் சுற்றி வருகிறது. அவர் கையை அசைத்தால் தூண்டுதல், அவர் மனதில் உங்கள் பெயரைப் பொய்யால் கெடுத்தால் அவதூறு.

## அரசியல் சட்டத்தில் இருக்கும் எட்டுக் காரணங்கள்

இந்திய அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. அடுத்த மூச்சிலேயே எந்தெந்தக் காரணத்துக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். மொத்தம் எட்டு.

இந்தப் பட்டியல் பிறந்த கதையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பம்பாயிலிருந்து வந்த கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார இதழை 1950-ல் சென்னை மாகாண அரசு உள்ளே விடமாட்டேன் என்று தடை போட்டது. ஆசிரியர் ரமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார், வென்றார். பொது ஒழுங்கு என்ற காரணமே அப்போது பட்டியலில் இல்லை என்பது தீர்ப்பு. அடுத்த ஆண்டே முதலாவது திருத்தம் கொண்டுவந்து பொது ஒழுங்கைச் சேர்த்துவிட்டார்கள். கூடவே கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்ற சொல்லும் சேர்ந்தது, நல்லவேளை. இறையாண்மை, ஒருமைப்பாடு என்பது 1963-ல் வந்தது; அப்போது தி.மு.க. எழுப்பிவந்த திராவிட நாடு கோரிக்கை அதற்கு முக்கியமான ஒரு காரணம்.

இப்போது அந்த எட்டையும் இன்னொரு தரம் படியுங்கள். "யாருடைய மனதும் புண்படுதல்" என்பது அதில் இல்லை. பட்டியலில் இல்லாத புதுக் காரணத்தைச் சொல்லிப் பேச்சைத் தடுக்க முடியாது என்று 2023 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதிசெய்தது.

அப்படியானால் மத உணர்வைப் புண்படுத்துவது குற்றம் என்று ஒரு சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. இதை 1957-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது, ஆனால் சொன்ன விதத்தைக் கவனிக்க வேண்டும். தெரியாமலோ அலட்சியமாகவோ புண்படுத்துவது இதில் வராது. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்ததாக இருக்க வேண்டும். அப்படிச் செய்வது பொது ஒழுங்கைக் கெடுக்கக் கூடியது என்பதால்தான் இந்தச் சட்டம் நிற்கிறது. அதாவது இங்கேயும் மூன்றாவது ஆள் வந்துவிட்டார். காவல் நிலையத்தில் "என் மனம் புண்பட்டது" என்று எழுதிக் கொடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நோக்கம் என்ற சொல்லைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எழுதி வாங்குகிறவரும்தான்.

## எரிச்சலுக்கே மூன்று ஆண்டு ஜெயில்: 66ஏ

புண்படுத்தலையே குற்றமாக்கினால் என்ன ஆகும் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை, அப்படி ஒரு சட்டம் இங்கே நடைமுறையில் இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2009 முதல் அமலில் இருந்தது. கணினி, போன் வழியாக மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்பினாலும், பொய் என்று தெரிந்தே எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்க அனுப்பினாலும் மூன்று ஆண்டு வரை சிறை.

2012 அக்டோபர் கடைசியில் புதுச்சேரியில் சிறுதொழில் செய்யும் ஒருவர் ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் மொத்தம் 16 பேர். ஒரு ஆட்டோவும் ஒரு வேனும் இருந்தால் அத்தனை பேரையும் ஏற்றிவிடலாம். காவல்துறை வீட்டுக்கே வந்து கைது செய்தது. அடுத்த மாதம் மும்பையில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்ததை ஒட்டி நகரம் கடையடைத்தபோது, எதற்காக இப்படி எல்லாவற்றையும் மூட வேண்டும் என்ற பொருளில் பால்கரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவர் தோழி லைக் போட்டார். இருவரும் கைது. எழுதியவரின் உறவினர் நடத்திய கிளினிக்கை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. ஃபேஸ்புக்கில் எழுதியது புண்படுத்தல், கிளினிக்கை நொறுக்கியது தீங்கு. அன்றைக்குக் காவல்துறை கைவிலங்கை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியது எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

இதைப் பார்த்துத்தான் ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் வழக்குப் போட்டார். 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் 66ஏ-வை முழுசாக ரத்து செய்தது. எரிச்சல் என்றால் என்ன என்று யாருக்கும் அளவு தெரியாது, ஒருவருக்கு எரிச்சல் தருவது இன்னொருவருக்குச் சிரிப்பு, இப்படி வலையை விரித்தால் எந்தக் கருத்தும் தப்பாது என்பது தீர்ப்பின் சாரம். இன்னொரு கூத்து, ரத்தான பிறகும் பல மாநிலங்களில் காவல்துறை இந்தப் பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தது. இனி யார் மேலும் இதில் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் திரும்ப உத்தரவு போட வேண்டி வந்தது. செத்துப்போன சட்டத்தை ஏழு ஆண்டு நடமாட விட்ட ஊர் நம் ஊர்.

## யாருடைய காதால் கேட்பது?

ஒரு பேச்சு கலவரத்தைத் தூண்டுமா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது? தொட்டாற்சிணுங்கியாக இருப்பவரின் காதால் கேட்டால் எல்லாமே தூண்டுதல்தான். நீதிமன்றங்கள் இதற்கு ஒரு கற்பனை மனிதரை வைத்திருக்கின்றன: நியாயமாக யோசிக்கிற, உறுதியான மனம் கொண்ட, தைரியமான ஒருவர். எதிர்ப்புள்ள கருத்து ஒவ்வொன்றிலும் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பலவீன மனங்களின் அளவுகோல் செல்லாது. 1946-ல் நாக்பூர் நீதிமன்றம் போட்ட இந்த அளவுகோலைத்தான் உச்ச நீதிமன்றம் இன்றும் எடுத்துக்காட்டுகிறது; 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கரி என்ற எம்.பி. ஒரு கவிதையைப் பின்னணியில் ஒலிக்கவிட்டுப் போட்ட வீடியோவுக்காகக் குஜராத்தில் பதியப்பட்ட வழக்கை ரத்து செய்தபோதும் இதையே சொன்னது.

சந்தர்ப்பத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரைப் பக்கம் ஒரு அருமையான கதை இருக்கிறது. அறுபது வயது தாண்டிய ஓர் அரசியல் கட்சிக்காரர் மகள், மருமகனோடு சிறுமலைக்குச் சுற்றுலா போய்வந்தார். படங்களை ஃபேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று தலைப்புக் கொடுத்தார். வேடிக்கைக்காகத்தான். வாடிப்பட்டி காவல்துறைக்குச் சிரிப்பு வரவில்லை. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் என்று வழக்கு! மாஜிஸ்திரேட் காவலுக்கு அனுப்ப மறுத்ததால் சிறைக்குப் போகாமல் தப்பினார். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் வழக்கை ரத்து செய்தார். குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் "சிரிக்கும் கடமை" ஒன்றையும் சேர்க்கலாமே என்ற ரீதியில் தீர்ப்பில் எழுதினார். போர் தொடுக்கத் துப்பாக்கி, ஆள், திட்டம் எல்லாம் வேண்டும். படத்தில் இருந்ததோ குடும்பமும் மலையும்.

சுருக்கமாக: சொல், நோக்கம், சந்தர்ப்பம், நியாயமாக யோசித்துக் கேட்கும் மனிதர், இந்த நான்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சொல்லை மட்டும் வெட்டி எடுத்து ஸ்க்ரீன்ஷாட் போட்டால் எதையும் குற்றமாக்கலாம்.

## "பேசினால் கலவரம் வரும்" என்று மிரட்டினால்?

இதுதான் சிக்கலான இடம், கொஞ்சம் நிதானமாகப் போவோம். மூன்றாவது ஆள் வன்முறையில் இறங்குவது தீங்கு என்றோம். சரி, அந்த மூன்றாவது ஆள் பேசியவர் பக்கம் நிற்காமல் எதிர்ப்பக்கம் நின்றால்? "இந்தப் படம் வந்தால் தியேட்டரைக் கொளுத்துவோம்" என்று கிளம்பினால் படம் எடுத்தவர் தூண்டினார் என்று ஆகுமா?

1980-களின் பிற்பாதியில் இந்தக் கேள்வி தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. "ஒரே ஒரு கிராமத்திலே" என்ற படம் சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்தது. தணிக்கை வாரியம் யு சான்றிதழ் கொடுத்தது, சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. படம் வந்தால் கொந்தளிப்பு வரும் என்பது மாநில அரசின் வாதம். 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திரும்பக் கொடுத்தது. ஊர்வலம், ஆர்ப்பாட்டம், வன்முறை மிரட்டல் இவற்றுக்குப் பயந்து பேச்சை அடக்கினால் அது மிரட்டலுக்குப் பணிந்ததாகிவிடும், ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை, முடியவில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் இருக்கும் நெருக்கத்துக்கு நீதிமன்றம் சொன்ன உருவகம் வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி. அவ்வளவு அருகில் இருந்தால்தான் தடுக்கலாம். இட ஒதுக்கீட்டை முழுசாக ஆதரிக்கிற ஆள் நான்; அந்தப் படத்தின் கருத்து எனக்கு ஒப்பவில்லை; தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதாது, கலெக்டர் ஆபீசிலும் இருக்க வேண்டும். பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" நாவல் 2010-ல் வந்தது. நான்கு ஆண்டு ஒன்றுமில்லை. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது, நூலை எரித்தார்கள், கடையடைத்தார்கள். 2015 ஜனவரி 12-ல் நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் "அமைதிப் பேச்சுவார்த்தை" என்று கூப்பிட்டது. அந்த மேஜையில் எழுத்தாளரிடம் நிபந்தனையற்ற வருத்தம் எழுதி வாங்கப்பட்டது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் ஃபேஸ்புக்கில் எழுதியது அதற்குப் பிறகுதான். ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்று நிர்வாகம் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் அமைதியைக் குலைக்கப்போவதாகச் சொன்னவர்களை விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து எழுதியவரிடம் அமைதிக்கான விலையை வசூலித்தார்கள். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. நாவல் பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடலாம், எழுத்தாளர் திரும்பி வந்து எழுதட்டும் என்றும் சொன்னது.

இலங்கையில் இதே கோடு இன்னும் மோசமாக வழுக்கியது. தமிழில் கவிதைத் தொகுப்பு வெளியிட்ட அஹ்னாப் ஜசீம் என்ற இளம் ஆசிரியர் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். தீவிரவாதத்தைப் பரப்பும் கவிதைகள் என்றது காவல்துறை. வன்முறைக்கு எதிரான கவிதைகளும் அதே தொகுப்பில் இருந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார், 2023 டிசம்பரில் விடுதலை ஆனார். தீங்கைத் தடுக்கப் போட்ட சட்டம் யார் கையில் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

## "தியேட்டரில் தீ" என்ற உதாரணம்

நெரிசலான தியேட்டரில் பொய்யாகத் தீ என்று கத்தலாமா என்று யாராவது கேட்டுவிட்டால் வாதம் முடிந்துவிட்டதாக நினைப்பார்கள். இதைச் சொன்னவர் அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ், ஆண்டு 1919. ஆனால் அந்த வழக்கில் யாரும் தியேட்டரில் கத்தவில்லை. முதல் உலகப் போருக்குக் கட்டாய ஆள் சேர்ப்பதை எதிர்த்துத் துண்டறிக்கை அடித்தவர்களைச் சிறைக்கு அனுப்பத்தான் இந்த உதாரணம் பயன்பட்டது. உடனடியான சட்டவிரோதச் செயலைத் தூண்டும் நோக்கமும் அதற்கான வாய்ப்பும் இருந்தால்தான் தண்டிக்கலாம் என்று 1969-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோட்டைத் தள்ளிப் போட்டது. ஜெர்மனியோ யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று சொல்வதையே குற்றமாக்கி வைத்திருக்கிறது, அவர்கள் வரலாறு அப்படி. நாட்டுக்கு நாடு கோடு மாறும்.

## சாதி சொல்லித் திட்டுவது வெறும் புண்படுத்தலா?

இவ்வளவு தூரம் படித்தவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை அப்படிச் சேராத ஒருவர் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால், குற்றம் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. அப்போது புண்படுத்தலுக்குத் தண்டனை வந்துவிட்டதே?

பொதுப் பார்வை என்ற நிபந்தனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தது இதில் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏன் இந்த நிபந்தனை? தெருமுனையில் பத்துப் பேர் பார்க்க ஒருவரைச் சாதி சொல்லித் திட்டும்போது அந்தப் பத்துப் பேருக்கும் ஒரு செய்தி போகிறது: இவன் இடம் இது, இவனை இப்படி நடத்தலாம், யாரும் கேட்க மாட்டார்கள். டீக்கடையில் தனிக் குவளை, கோயிலுக்குள் விடாமை, கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறக்கூடாது என்ற தடை எல்லாம் அந்தச் செய்தியின் மேல்தான் நிற்கின்றன. இதுவும் மூன்றாவது ஆள் வழியாக வரும் தீங்குதான், ஒருவர் ஊரில் மற்றவர்களோடு சமமாக நிற்கும் நிலை கெடுகிறது. வெறுப்புப் பேச்சு என்று பொதுவாகச் சொல்வதன் மையமும் இதுவே: பிறப்பாலோ மதத்தாலோ ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகவே ஒருவரைச் சமூகத்திலிருந்து ஒதுக்கித் தள்ளுவதற்கான பேச்சு.

"பணக்காரத் திமிர்" என்று திட்டினால் அந்தப் பணக்காரரும் புண்படுவார். ஆனால் அதனால் எந்த டீக்கடையிலும் அவருக்குத் தனிக் குவளை வரப்போவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து "அப்போ அது மட்டும் சரியா" என்று கேட்பவர்கள் வலியை மட்டும் எடை போடுகிறார்கள்.

## குழுவிலிருந்து நீக்கினால் உரிமை மீறலா?

இதைச் சட்டென்று முடித்துவிடலாம். 19-வது பிரிவின் பேச்சுரிமை முக்கியமாக அரசு உங்கள் வாயை அடைப்பதற்கு எதிரான பாதுகாப்பு. அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் தினமும் அரசியல் போட்டீர்கள், அட்மின் தூக்கிவிட்டார் என்றால் அது அவர் இஷ்டம். ஒருவர் பேச்சைக் கேட்டுவிட்டு நீங்கள் அவர் படத்தைப் பார்க்க மறுப்பது, கடையில் வாங்க மறுப்பது, பதிலுக்குக் காரசாரமாக எழுதுவது எல்லாம் உங்கள் பேச்சுரிமை. விமர்சனம் வந்தவுடன் "என் குரலை நெரிக்கிறார்கள்" என்று அழுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

## எனக்கு விடை தெரியாத ஒன்று

மூன்றாவது ஆள் என்ற அளவுகோல் வைத்து எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தாலும், ஓரிடத்தில் அது தடுமாறுகிறது. ஒரு பெண் ஒரு நடிகரின் படம் சுமார் என்று எழுதுகிறார். சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் பதில்கள். கொலை மிரட்டலோ ஆபாசமோ இருந்தால் சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்கலாம். ஆனால் அவற்றை எடுத்துவிட்டு மீதியைப் பார்த்தால், "உனக்கென்ன தெரியும்" என்று ஒருவர், ஒரு வடிவேலு மீம், ஒரு சிரிப்பு எமோஜி, "போய் சமையலைப் பார்" என்று ஒருவர். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் புண்படுத்தல் மட்டுமே, ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்ல உரிமை உண்டு. எல்லாம் சேர்ந்து அவர் கணக்கையே மூடிவிட்டுப் போகிறார், அதாவது அவர் பேச்சுரிமை போய்விட்டது. யாரும் யாரையும் தூண்டவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. நீதிமன்றம் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்தையும் ஒரு ஆளையும்தான் விசாரிக்க முடியும். கூட்டத்தின் மொத்த எடையை எந்தப் பிரிவில் கொண்டுவருவது?

புதுச் சட்டம் போட்டால் 66ஏ திரும்பி வரும் என்ற பயம் எனக்கு உண்டு. இது சட்டத்தைவிடத் தளங்களின் அமைப்பில் சரிசெய்ய வேண்டியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் கோபத்தைக் கிளப்பும் பதிவை இன்னும் பத்தாயிரம் பேர் முன்னால் கொண்டுபோய் வைப்பது அங்கே இருக்கும் மென்பொருள்தான். ட்விட்டர் 2020-ல் ஒரு வசதி கொண்டுவந்தது, தன் பதிவுக்கு யார் யார் பதில் எழுதலாம் என்பதை எழுதியவரே முடிவு செய்யலாம். ஓரளவு உதவுகிறது. ஆனால் பதிவை மேற்கோளாக எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுக் கேலி செய்வதை அது தடுப்பதில்லை, கூட்டம் இப்போது அந்த வழியாக வருகிறது.